பாரிய காயம் ஏற்பட்டால் யாருக்கு, எப்படி அறிவிப்பது?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையும் மண்சரிவும் கண்டி மாவட்டத்தில் ஏராளமான குடும்பங்களை வீட்டை விட்டு வெளியேற்றின. பாடசாலைகளிலும், கோவில் மண்டபங்களிலும், விகாரைகளிலும், பள்ளிவாசல்களிலும், உறவினர் வீடுகளிலும் தங்கியிருந்த நீங்கள் இப்போது ஊர் திரும்புகிறீர்கள். சிலர் பழைய வீட்டுக்கு, சிலர் லயத்துக்கு, சிலர் புதிதாகக் காட்டப்பட்ட காணிக்கு. போன உடனே செய்யும் வேலைகள் எல்லாம் ஆபத்தான வேலைகள்தான்: சேறு அள்ளுவது, கூரைத் தகரம் கழற்றுவது, பாதி நிற்கும் சுவரை இடிப்பது, அறுந்த மின்கம்பிக்குப் பக்கத்தில் நடப்பது. வேலிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் வரும் சண்டைகளையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

காயம் ஏற்பட்டால் மருந்து போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சில காயங்களை அரச அதிகாரிகளுக்கு அறிவிக்கவும் வேண்டும் என்பதும், அந்த அறிவிப்பில் நாம் சொல்லும் முதல் சில வார்த்தைகள் பல மாதங்களுக்குப் பிறகும் நம்மோடு வரும் என்பதும் பலருக்குத் தெரியாது.

தங்குமிடம் ஒன்றில் நான் சந்தித்த ஒரு தாயின் கதையைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். நிவாரணப் பொதி பற்றிய சண்டையில் ஒருவர் தள்ளிவிட்டதால் அவருடைய மணிக்கட்டு எலும்பு முறிந்தது. வைத்தியசாலையில் எப்படி நடந்தது என்று கேட்டபோது, "படியில வழுக்கிட்டேன் டொக்டர்" என்றார். தள்ளியவர் பக்கத்து வீட்டுக்காரர், நாளைக்கும் முகம் பார்க்க வேண்டியவர். ஆனால் கை சரியாகக் கூடவில்லை. கொழுந்து பறிக்க முடியவில்லை. மூன்று வாரம் கழித்து முறைப்பாடு செய்யப் போனார். வாட்டு டிக்கட்டில் "படியில் விழுந்தது" என்றுதான் எழுதியிருந்தது. அவர் சொல்வது உண்மை என்றாலும், அவருடைய முதல் வார்த்தையே அவருக்கு எதிராக நின்றது. இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றுதான்.

முதலில் வைத்தியசாலை, பிறகு மற்றது

"பொலிஸில் துண்டு வாங்கிக்கொண்டு போனால்தான் ஆஸ்பத்திரியில் பார்ப்பார்கள்" என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. இது பிழை. காயப்பட்டவரை நேராக வைத்தியசாலைக்கே கொண்டு போங்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். அடையாள அட்டை மண்ணில் புதைந்து போயிருந்தாலும் சிகிச்சை கிடைக்கும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், அதற்கும் கட்டணம் இல்லை. வாகனம் ஏற முடியாத பாதை என்றால், எந்தச் சந்தி வரைக்கும் வர முடியும் என்பதை அழைக்கும்போதே சொல்லி, காயப்பட்டவரை அசைக்கலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்டி நகரத்தில் தேசிய வைத்தியசாலை இருக்கிறது. பேராதனையில் போதனா வைத்தியசாலையும், சிறுவர்களுக்கென சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையும் இருக்கின்றன. கம்பளை, நாவலப்பிட்டி, தெல்தெனியப் பக்கம் உள்ளவர்கள் அங்குள்ள வைத்தியசாலைக்கே முதலில் போகலாம். தேவையானால் அவர்களே பெரிய இடத்துக்கு மாற்றுவார்கள். தோட்டத்தில் இருந்தால் டிஸ்பென்சரியில் முதலுதவி எடுக்கலாம். ஆனால் தலையில் அடி, எலும்பு முறிவு, ஆழமான வெட்டு, தீக்காயம், மின்சாரம் தாக்கியது போன்றவற்றுக்கு அங்கேயே நின்றுவிடக் கூடாது.

வைத்தியசாலையில் பொலிஸ் ஏன் வருகிறது?

அடிதடி, வெட்டு, வாகன விபத்து, தீக்காயம், விஷம், உயரத்திலிருந்து விழுதல் போன்ற காரணங்களால் ஒருவர் அனுமதிக்கப்பட்டால், வைத்தியசாலையில் இருந்து பொலிஸுக்குத் தெரிவிப்பது வழமை. பெரிய வைத்தியசாலைகளில் இதற்கென்றே பொலிஸ் காவல் அறை இருக்கிறது. சீருடையில் ஒருவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து பெயர் கேட்டால் பயப்பட வேண்டாம். நீங்கள் குற்றவாளி என்பதால் அவர் வரவில்லை. காயத்துக்குப் பின்னால் ஒரு குற்றம் அல்லது கவனக்குறைவு இருக்கிறதா என்பதைப் பதிவு செய்யவே வருகிறார்.

ஒரு விடயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வீடும் தோட்டமும் போன துயரத்தில் யாராவது விஷம் குடித்திருந்தால், "பொலிஸ் கேஸ் ஆகிவிடும்" என்று மறைக்காதீர்கள். தற்கொலைக்கு முயல்வது இலங்கையில் 1998ஆம் ஆண்டு முதல் குற்றம் அல்ல. என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்று உண்மையைச் சொன்னால்தான் சரியான மருந்து கொடுக்க முடியும். போத்தல் கிடைத்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். மனம் தாங்காத நேரத்தில் பேசுவதற்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது.

சட்ட வைத்திய அதிகாரியும் அந்தப் படிவமும்

மற்றொருவரால் ஏற்பட்ட காயம் என்றால், பொலிஸார் "சட்ட வைத்திய பரிசோதனைப் படிவம்" ஒன்றை வழங்குவார்கள். பேச்சில் எம்.எல்.ஈ.எஃப். என்பார்கள். அந்தப் படிவத்தோடு அரச வைத்திய அதிகாரி ஒருவர், பெரிய வைத்தியசாலையில் சட்ட வைத்திய அதிகாரி, உங்களைப் பரிசோதித்து காயத்தின் இடம், அளவு, எந்த வகை ஆயுதத்தால் ஏற்பட்டிருக்கலாம், எவ்வளவு பாரதூரமானது என்பவற்றைக் குறிப்பார். உங்களுக்கு மருந்து தரும் டொக்டரும் இவரும் ஒருவர் அல்ல. இவருடைய வேலை சாட்சியைப் பதிவு செய்வது. பின்னர் நீதிமன்றம் கேட்கும்போது இவரே விரிவான அறிக்கை அனுப்புவார்.

இந்தப் பரிசோதனைக்கு உங்கள் சம்மதம் வேண்டும். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 122ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. நீங்கள் சம்மதிக்காவிட்டாலும் சிகிச்சை நிறுத்தப்படாது. பெண்கள், பரிசோதனையின்போது இன்னொரு பெண் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இங்கேதான் பலர் தவறவிடுகிறார்கள். வாட்டில் சிகிச்சை முடிந்து டிக்கட் வெட்டிவிடுவார்கள், நோயாளியும் வீட்டுக்கு வந்துவிடுவார், ஆனால் சட்ட வைத்திய அதிகாரி அவரைப் பார்த்திருக்க மாட்டார். கண்டல் காயம் சில நாட்களில் நிறம் மாறி மறைந்துவிடும். வெட்டுக்காயம் தைத்து ஆறினால் அதன் விளிம்பு எப்படி இருந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஆகவே வாட்டை விட்டு வெளியேறும் முன் தாதியிடமோ டொக்டரிடமோ, "என்னை ஜே.எம்.ஓ. பார்த்துவிட்டாரா?" என்று கேளுங்கள். தனியார் வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனெனில் இந்தப் பரிசோதனையைச் செய்வது அரச வைத்திய அதிகாரி. பொலிஸார் படிவத்தை உங்கள் கையிலேயே தந்து அனுப்பினால், அன்றே கொண்டு போய்க் கொடுங்கள். அதில் நீங்கள் எதையும் எழுத வேண்டாம்.

எப்படி நடந்தது என்று கேட்டால், நடந்ததைச் சொல்லுங்கள். யார், எதனால், எங்கே, எத்தனை மணிக்கு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். குடித்திருந்தால் அதையும் மறைக்க வேண்டாம், மதுவாடை இருந்ததா என்பதும் படிவத்தில் குறிக்கப்படும். பயத்தில் ஏற்கெனவே வேறுவிதமாகச் சொல்லிவிட்டீர்களா? வாட்டில் இருக்கும்போதே டொக்டரிடம் திருத்திச் சொல்லுங்கள், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்பதையும் சேர்த்து. மூன்று வாரம் கழித்துச் சொல்வதை விட மறுநாள் சொல்வது எவ்வளவோ மேல்.

"கடுங்காயம்" என்றால் என்ன?

கடுங்காயம் எது என்று தண்டனைச் சட்டக்கோவையின் 311ஆம் பிரிவு வரையறுக்கிறது. கண் அல்லது காது நிரந்தரமாகப் பாதிக்கப்படுவது, ஓர் உறுப்போ மூட்டோ இழக்கப்படுவது அல்லது செயலிழப்பது, தலையிலோ முகத்திலோ நிரந்தர விகாரம், எலும்பு, குருத்தெலும்பு அல்லது பல் முறிவது, மூட்டு விலகுவது, உயிருக்கு ஆபத்தான காயம், நெஞ்சையோ வயிற்றையோ மண்டையோட்டையோ திறந்து சத்திரசிகிச்சை செய்ய வேண்டி வருவது ஆகியவை இதில் அடங்கும். இவற்றோடு, 20 நாட்களுக்குக் கடும் வலியில் இருக்கச் செய்யும் அல்லது வழமையான வேலையைச் செய்ய முடியாமல் ஆக்கும் காயமும் கடுங்காயமே.

ஒரு பல் உடைந்தாலே சட்டத்தின் கண்ணில் அது சின்ன விடயம் இல்லை. வேண்டுமென்று சாதாரண காயம் விளைவித்தால் ஒரு வருடம் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். கடுங்காயம் என்றால் ஏழு வருடம் வரை, ஆபத்தான ஆயுதத்தால் என்றால் பத்து வருடம் வரை. அந்த 20 நாள் கணக்குக்காகத்தான் கிளினிக் திகதிகளைத் தவறவிடாதீர்கள் என்று சொல்கிறோம். வேலைக்குப் போக முடியாத நாட்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கிளினிக்குக்கே போகாமல் வீட்டில் படுத்திருந்தால், எத்தனை நாள் படுத்திருந்தீர்கள் என்பதைக் காட்ட எதுவும் இருக்காது.

முறைப்பாடு உங்கள் மொழியில்

கண்டிப் பகுதியில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் எல்லா நேரமும் இருப்பதில்லை. இது எங்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று. வாய்மொழியாகச் சொல்லப்படும் முறைப்பாட்டை, சொன்ன மொழியிலேயே எழுதி, சொன்னவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு கூறுகிறது. அவர்களால் தமிழில் எழுத முடியாவிட்டால், உங்களையே எழுதித் தரும்படி கேட்கலாம். உங்களுக்கும் எழுத முடியாது என்றால், வேறு மொழியில் பதிந்தாலும், உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சொல்லிய பிறகே கையொப்பம் பெற வேண்டும்.

"கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, ஒண்ணும் இல்ல" என்று சொன்னால், மரியாதையாக, "வாசிச்சுச் சொல்லுங்க சேர், பிறகு போடுறேன்" என்று சொல்லுங்கள். சண்டை பிடிக்கத் தேவையில்லை. முடிந்தால் முதலிலேயே வீட்டில் தமிழில் எழுதிக்கொண்டு போங்கள். படித்த பிள்ளை ஒன்று எழுதித் தந்தாலும் போதும். முறைப்பாட்டின் திகதி, புத்தகத்தின் பெயர், பக்கம், பந்தி இலக்கம் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இலக்கங்கள் இல்லாமல் பின்னர் பிரதி எடுப்பது பெரும் அலைச்சல்.

முறைப்பாட்டை ஏற்க மறுத்தாலோ, அச்சுறுத்தினாலோ மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996 என்ற இலக்கத்தில் சொல்லலாம். அதற்குக் கண்டியில் பிராந்திய அலுவலகமும் உண்டு. சட்டத்தரணிக்குக் காசு இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். சாட்சி சொல்லப் பயப்படுபவர்களுக்கென, குற்றத்தால் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டம் ஒன்று 2015இல் கொண்டுவரப்பட்டு, 2023இல் புதிய சட்டத்தால் மாற்றப்பட்டது. அதன்படி பாதுகாப்புக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

காயம் வீட்டுக்குள் நடந்தால்

ஒரே அறையில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு, வருமானமும் இல்லாமல் திரும்பும் வீடுகளில் கோபம் கை நீட்டும். "விழுந்துட்டேன்" என்று சொல்லப்படும் காயங்களில் சில விழுந்ததால் வந்தவை அல்ல என்பது வாட்டில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும். இப்படிப்பட்டவர்களோடு தனியாகப் பேசுவதற்கென்றே பல அரச வைத்தியசாலைகளில் "மிதுரு பியச", அதாவது நட்பு நிலையம், இருக்கிறது. பொலிஸுக்குப் போவதா இல்லையா என்று முடிவெடுக்கும் முன்னரே அங்கே போகலாம். 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்க முடியும். கணவரைச் சிறைக்கு அனுப்புவது அதன் நோக்கம் அல்ல, அடி நிற்க வேண்டும் என்பதே நோக்கம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பிள்ளைகளுக்கு 1929, இதில் அயலவரும் அறிவிக்கலாம்.

வேலைத்தளத்திலும் வீதியிலும்

தோட்டத்திலோ, தொழிற்சாலையிலோ, கட்டட வேலையிலோ காயப்பட்டால் அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லி, பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். தொழிற்சாலை விபத்தில் ஒருவர் மூன்று நாட்களுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனால், அதைத் தொழில் திணைக்களத்துக்கு அறிவிப்பது தொழில்தருநரின் கடமை. 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் தோட்டத் தொழிலாளருக்கும் பொருந்தும். வைத்தியசாலையில் "வேலை செய்யும்போது" என்று சொல்ல மறக்காதீர்கள். "வீட்டில் நடந்தது என்று சொல்லுங்கள், செலவை நாங்கள் பார்க்கிறோம்" என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். செலவைப் பார்ப்பேன் என்ற வார்த்தை இரண்டாவது கிளினிக் வரைக்கும்தான் நிற்கும்.

வீதி விபத்திலும் இதே கதைதான். ஆட்டோக்காரர் ஐயாயிரம் ரூபாய் தருகிறார், பாவம், அவரும் ஏழை என்று விட்டுவிடுவோம். தலையில் பட்ட அடி மறுநாள்தான் வாந்தியாக வெளியே தெரியும். பொலிஸ் பதிவு இல்லாவிட்டால் காப்புறுதியிலும் எதுவும் பெறுவது கடினம். விபத்தில் காயப்பட்டவருக்கு உதவுவதும் பொலிஸுக்கு அறிவிப்பதும் சாரதியின் சட்டக் கடமை. பொலிஸ் அவசர இலக்கம் 119.

நாய்க்கடியும் சேற்றுக் காயமும்

இவற்றைப் பொலிஸுக்கு அல்ல, சுகாதாரப் பகுதிக்கு அறிவிக்க வேண்டும். ஆட்கள் போன பிறகு ஊரில் தனித்துத் திரிந்த நாய்கள் இப்போது எல்லா இடமும் உள்ளன. கடித்தால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். நாயைக் கொல்லாமல் 14 நாட்கள் கவனிக்க வேண்டும். அது செத்தாலோ, காணாமல் போனாலோ வைத்தியசாலைக்கும் பொதுச் சுகாதார பரிசோதகருக்கும் சொல்லுங்கள்.

கால் வெடிப்பு அல்லது வெட்டுக்காயத்தோடு சேற்றில் வேலை செய்தவருக்குப் பிறகு காய்ச்சலும் தசை வலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். "சேற்றில் வேலை செய்தேன்" என்ற வார்த்தையை டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல், ஏற்புவலி போன்றவை அறிவிக்க வேண்டிய நோய்கள். சந்தேகம் வந்தாலே டொக்டர் எச்-544 என்ற படிவத்தில் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிப்பார், பிறகு பரிசோதகர் வீடு தேடி வருவார். அவர் குறை பிடிக்க வருவதில்லை. உங்களுக்கு வந்த இடத்தில் பக்கத்து வீட்டாருக்கும் வராமல் தடுக்கவே வருகிறார்.

உயிர் பிரிந்தால்

திடீர் மரணம், வன்முறையால் வந்த மரணம், காரணம் தெரியாத மரணம் ஆகியவற்றை அறிந்த எவரும் பொலிஸுக்கோ கிராம உத்தியோகத்தருக்கோ உடனே அறிவிக்க வேண்டும். இது சட்டக்கோவையின் 21ஆம் பிரிவு விதிக்கும் கடமை. காயப்பட்டவர் வைத்தியசாலையிலிருந்து வீடு வந்து, நாட்கள் கழித்து இறந்தாலும் அடக்கம் செய்யும் முன் அறிவியுங்கள். திடீர் மரண விசாரணை அதிகாரி வந்து பார்த்துத் தீர்மானிப்பார். சமய முறைப்படி அன்றே அடக்கம் செய்ய வேண்டும் என்றால், அதை முதல் அழைப்பிலேயே சொல்லுங்கள். மண்ணுக்குள் போன உடலைப் பிறகு தோண்டி எடுப்பது குடும்பத்துக்கு இரண்டாவது மரணம்.

விலாசமும் காகிதமும்

திரும்பிப் போகும் குடும்பங்களுக்கு மட்டும் உரிய சிக்கல் இது. காயம் நடந்தபோது தங்குமிடத்தில் இருந்தீர்கள், அந்த விலாசத்தைக் கொடுத்தீர்கள். வழக்கு வரும்போது அந்த இடம் மறுபடி பாடசாலை ஆகிவிட்டது. நீதிமன்ற அழைப்பாணை அங்கே போய்த் திரும்பும். நீங்கள் வரவில்லை என்று நீதிமன்றத்தில் சொல்லப்படும். ஆகவே வைத்தியசாலையிலும் பொலிஸிலும் இரண்டு விலாசங்களையும், மாறாத ஒரு தொலைபேசி இலக்கத்தையும் கொடுங்கள். இடம் மாறியதும் முறைப்பாடு செய்த பொலிஸ் நிலையத்துக்கும், பழைய, புதிய கிராம உத்தியோகத்தர்கள் இருவருக்கும் எழுத்தில் அறிவியுங்கள்.

டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே, மருந்துத் துண்டு, முறைப்பாட்டு இலக்கம் எல்லாவற்றையும் ஒரே பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள். ஒவ்வொன்றையும் தொலைபேசியில் படம் எடுத்து, வேறு ஊரில் இருக்கும் மகளுக்கோ தம்பிக்கோ அனுப்பி வையுங்கள். மறுபடி மழை வந்து இரவோடு இரவாக வெளியேற வேண்டி வந்தால், அந்தப் பை வீட்டோடு போனாலும் படங்கள் அவர்களிடம் இருக்கும்.